வேறு ஜீப்பின் பெண்டர்: விற்பவரும் அளக்க வேண்டும்

மலையகத்தில் ஜீப் வைத்திருப்பதை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் கொழும்பில் இருக்கலாம். பொகவந்தலாவையிலும் அக்கரபத்தனையிலும் மஸ்கெலியாவிலும் வியாபாரம் செய்பவர்கள் அப்படி நினைப்பதில்லை. தோட்டத்து லயங்களுக்குத் துணிமணி கொண்டுபோய் விற்பவர், மரக்கறி மூட்டையைப் பிரதான வீதிவரை இறக்கித் தருபவர், நுவரெலியாவிலிருந்து விடியற்காலையில் வெள்ளைக்காரர்களை ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏற்றிச் செல்பவர், சிவனொளிபாதமலைப் பருவத்தில் நல்லதண்ணிக்கு ஓடுபவர் என எல்லோருக்கும் நான்கு சில்லும் இழுக்கும் வண்டிதான் கடை, அதுதான் முதல். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலைச்சரிவுகள் வீதிகளை அடித்துக்கொண்டு போனபோது இந்த ஜீப்புகளின் அருமையை மற்றவர்களும் கண்டுகொண்டார்கள்.

ஆகவே ஜீப் உதிரிப்பாகம் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இவ்வாரம் எடுத்துக்கொண்ட சாமான் சிறியது. சில்லுக்கு மேலே மட்கார்டின் விளிம்பில் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்புப் பட்டி. பெட்டியில் பெண்டர் ஃபிளேர் என்று எழுதியிருக்கும். ஜப்பான் சாமான் விற்பவர்கள் ஓவர் பெண்டர் என்பார்கள். லேண்ட்ரோவர் பிரியர்கள் ஆங்கிலத்தில் அதைப் 'புருவம்' என்கிறார்கள். நம்முடைய டிங்கர் பாஸ்மாருக்கு எல்லாமே பெண்டர்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஒரு மொடலின் பெண்டரைக் கழற்றி இன்னொரு மொடலுக்குப் பொருத்துவது இப்போது நம் பகுதியில் சாதாரணமாகிவிட்டது. காரணம் எல்லோரும் அறிந்ததே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான். இடையில் 2022ஆம் ஆண்டு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. இருந்த ஜீப்பை விற்றால் வேறு வாங்க முடியாது என்ற நிலையில் எல்லோரும் பழைய ஜீப்பையே கழற்றிப் பூட்டி ஓட்டினார்கள். அதே மொடலின் பெண்டர் பஞ்சிகாவத்தையில் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்டால் நெஞ்சு அடைக்கும். எனவே வேறு மொடலுடையதை வாங்கி வெட்டிப் பொருத்தினார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கைவேலை தெரிந்தவர்கள் நிறைந்த நாடு இது.

என் குறை வேறு. இந்தச் சாமானை நம்மவர்கள் விற்கும் விதம் சரியில்லை. சட்டைக்குப் பொத்தான் விற்பதுபோல விற்கிறார்கள். வாங்குபவர் "இது என் ஜீப்புக்கு வருமா?" என்று கேட்கிறார். "எல்லாத்துக்கும் வரும் தம்பி, பாஸிடம் சொன்னால் கொஞ்சம் வெட்டிப் போடுவார்" என்று பதில் வருகிறது. வெட்டப்படப் போவது பெண்டரா, ஜீப்பின் உடம்பா என்பதை இருவரும் பேசிக்கொள்வதில்லை.

பெண்டர் ஏன் வந்தது என்பதைப் பார்த்தால் விடயம் விளங்கும். 1948இல் வந்த லேண்ட்ரோவருக்கு அப்படியொரு பட்டியே கிடையாது. நம் தோட்டத்துத் துரைமார் ஓட்டிய வண்டிகளின் மட்கார்ட் தட்டையாக, தகரப் பெட்டி மாதிரித்தான் இருந்தது. சில்லுகள் உடம்புக்குள் அடங்கியிருந்தன. 88 அங்குல லேண்ட்ரோவரில் இடது சில்லின் நடுவிலிருந்து வலது சில்லின் நடுவுக்கு 51.5 அங்குலம். 1983இல் அதே கம்பனி ஒன் டென் என்ற மொடலை இறக்கியபோது இலைவில்லைக் கைவிட்டுச் சுருள்வில் போட்டது. எக்சலையும் அகலமாக்கியது. சில்லுகளின் இடைவெளி 58.5 அங்குலமானது. ஒவ்வொரு பக்கமும் சில்லு மூன்றரை அங்குலம் வெளியே வந்துவிட்டது. உடம்பையே புதிதாக அடிக்கச் செலவு அதிகம். எனவே பழைய அமைப்பிலேயே சில்லுக்கு மேல் பிளாஸ்டிக் புருவத்தை ஒட்டினார்கள். மொத்த அகலம் 66 அங்குலத்திலிருந்து 70.5 அங்குலமானது. அதாவது பக்கத்துக்கு இரண்டேகால் அங்குலம். பிற்காலத்தில் டிபெண்டர் என்று பெயர் மாறி 2016 ஜனவரி வரை அந்த வண்டி அதே புருவத்தோடுதான் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது.

ஆக, எக்சல் முதலில் வெளியே வந்தது, பெண்டர் அதன் பின்னால் வந்தது. நம்மிடம் வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பழைய சீரீஸ் லேண்ட்ரோவருக்கு டிபெண்டரின் புருவத்தை ஒட்டுகிறார்கள். சில்லு உள்ளேயே இருக்கிறது, பட்டி மட்டும் வெளியே நிற்கிறது. வாப்பாவின் கோட்டைப் போட்ட பிள்ளை மாதிரி. அதைப் பார்த்து மனம் ஒப்பாமல் அடுத்த மாதம் ஸ்பேசர் வாங்கிப் போட்டுச் சில்லை வெளியே தள்ளுகிறார்கள். அதற்கடுத்து பெயரிங் போகிறது, ஸ்டியரிங் கனக்கிறது. கடைக்காரனுக்கு மூன்று வியாபாரம் என்று சிரிப்பவர்கள் உண்டு. நான்காவது முறை அந்த மனிதர் வேறு கடைக்குப் போகிறார் என்பதைச் சிரிப்பவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

சுசுகி ஜிம்னி விடயத்தில் நிலைமை இன்னும் சுவாரசியமானது. ஜப்பானில் கெய் எனப்படும் சிறிய வாகன வகைக்கு வரி குறைவு. ஆனால் என்ஜின் 660 சிசிக்கும் அகலம் 1.48 மீற்றருக்கும் மேற்படக் கூடாது. எனவே ஒரே உடம்பில் இரண்டு ஜிம்னி செய்கிறார்கள். 2018 ஜூலையில் வந்த 660 சிசி ஜிம்னியின் அகலம் 1475 மில்லிமீற்றர். அதே மாதம் வந்த 1500 சிசி சியராவின் அகலம் 1645. உடம்பு ஒன்றுதான், 170 மில்லிமீற்றர் எங்கிருந்து வந்தது? பெண்டரிலிருந்து. ஆனால் அதோடு முன் சில்லுகளின் இடைவெளியும் 1265இலிருந்து 1395க்குப் போயிருக்கிறது. அங்கும் எக்சலைப் பின்தொடர்ந்துதான் பெண்டர் வந்திருக்கிறது.

உடம்பு ஒன்று என்பதால் சியராவின் பெண்டர் 660க்குப் பொருந்தும் என்று சொல்லி விற்பது முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. சியராவின் முன் பம்பர் அகலமானது. பெண்டரின் முன் நுனி அந்தப் பம்பரில் வந்து சேர்வதற்காகவே வார்க்கப்பட்டிருக்கிறது. 660இன் சின்னப் பம்பரோடு அதைப் போட்டால் நுனி காற்றில் நிற்கும். ஒன்றில் பம்பரையும் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பெண்டரை அறுக்க வேண்டும். கொட்டகலைப் பக்கத்து இளைஞர் ஒருவர் கொழும்பில் நான்கு பட்டியும் வாங்கிக்கொண்டு வந்து, பம்பர் கதை தெரியாமல் என் கடையில் நின்று முழித்தார். விற்றவர் அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் பம்பரையும் சேர்த்தே விற்றிருக்கலாம். இதற்கு முந்திய உருண்டை உடம்பு ஜிம்னியின் சியரா 1600 மில்லிமீற்றர் அகலம். அந்தப் பெண்டர் புதிய பெட்டி உடம்புக்கு வராது, புதியது பழையதற்கும் வராது. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் தொலைபேசியில் ஓடர் கொடுப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

இந்தியாவிலும் இதே கதைதான். மாருதி ஜிப்சி 1985இல் வந்தது. 1993இல் அதன் சில்லு இடைவெளியை 90 மில்லிமீற்றர் கூட்டினார்கள். அன்றிலிருந்துதான் ஜிப்சியின் மட்கார்டில் அந்தத் தடித்த விளிம்பு வந்தது. பழைய ஜிப்சியில் புதிய விளிம்பை மட்டும் வெல்ட் செய்தவர்களும் அங்கே இருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி, நம் மலைக்கு அகல டயர் தேவையா என்ற கேள்வி. இளைஞர்களுக்கு என் பதில் பிடிப்பதில்லை. ஏப்ரல் பருவத்தில் நுவரெலியாவில் சேற்றில் ஓடும் போட்டி ஜீப்புகளைப் பார்த்துவிட்டு வந்து அதேமாதிரி வேண்டும் என்கிறார்கள். போட்டிக்காரருக்கு ஒரு நாள் வேலை. உங்களுக்கு முந்நூறு நாள் வேலை. துரைமாரின் நீள லேண்ட்ரோவரில் 7.50-16 டயர் இருந்தது. ஒல்லியான, உயரமான டயர். மழையில் ஊறிய செம்மண் பாதையில் ஒல்லி டயர் மேல் சேற்றை அறுத்துக்கொண்டு கீழேயுள்ள கெட்டி நிலத்தைப் பிடிக்கும். அகல டயர் சேற்றின் மேல் மிதந்து வழுக்கும். மணலுக்கும் சதுப்புக்கும் அது நல்லது. வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. அங்குள்ள தோட்டப் பாதைகளில் ஓடுபவருக்கு ஒல்லி டயரே போதும் என்பது என் எண்ணம். ஒல்லி டயருக்குப் புதிய பெண்டர் வேண்டியதில்லை. இதைச் சொன்னால் எனக்கு ஒரு வியாபாரம் குறையும், குறையட்டும்.

பாதையின் அகலத்தையும் மறந்துவிடக் கூடாது. மாட்டு வண்டிக் காலத்தில் போட்ட பாதைகள் இன்னும் பல தோட்டங்களில் அப்படியே இருக்கின்றன. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பக்கத்துக்கு மூன்று அங்குலம் கூடினால் எதிரே வரும் கொழுந்து லொறிக்கு விலகும்போதுதான் அதன் விலை தெரியும்.

அப்படியானால் யாருக்குத்தான் பெண்டர் தேவை? டயர் ஏற்கெனவே வெளியே நீட்டிக்கொண்டிருப்பவருக்குக் கட்டாயம் தேவை. அகல ரிம் போட்டவர், எக்சல் மாற்றியவர், பழைய 4டிஆர்5 மிட்சுபிஷி ஜீப்புக்கு வேறு வண்டியின் சில்லு போட்டவர் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். மட்கார்டுக்கு வெளியே நிற்கும் டயர் கல்லையும் சேற்றையும் விசிறி அடிக்கும். தோட்டப் பாதையில் நடைபாதை என்று தனியாக எதுவும் இல்லை. கொழுந்துக் கூடையோடு நிறுவை மடுவத்துக்குப் போகிற பெண்களும் வெள்ளை யூனிபோம் போட்ட பிள்ளைகளும் அதே விளிம்பில்தான் நடக்கிறார்கள். அவர்கள் முகத்தில் கல் படாமல் காப்பதுதான் இந்தச் சாமானின் வேலை. அந்த வேலைக்கு எந்த மொடலின் பெண்டராக இருந்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. டயரின் மிதிபாகம் முழுவதையும் அது மூட வேண்டும், அவ்வளவுதான்.

அளப்பது எப்படி என்று சிலர் கேட்பதால் சொல்கிறேன். சமதரையில் ஜீப்பை நிறுத்தி, நூலில் ஒரு நட்டைக் கட்டி, மட்கார்டின் விளிம்பிலிருந்து தொங்கவிடுங்கள். நூலுக்கு வெளியே டயர் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் வேண்டிய அகலம். அதன்பின் ஒரு முன் சில்லையும் அதற்குக் குறுக்கே உள்ள பின் சில்லையும் கட்டைமேல் ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். டயர் எங்கே உரசுகிறதோ அங்கே பெண்டரின் போல்ட் வரக்கூடாது. கடைசியாக, மட்கார்டின் வளைவைக் காட்போட்டில் வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். நான்கு பக்கமும் தனித்தனியாக. விபத்தில் அடிபட்டு நிமிர்த்திய ஜீப்பில் இடதும் வலதும் ஒன்றாக இருப்பதில்லை. காட்போட்டை பெண்டரின் மேல் வைத்துப் பார்த்தால் வருமா வராதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

துளை போடுவதில்தான் அதிக நாசம் நடக்கிறது. லேண்ட்ரோவரின் வெளித்தகடு அலுமினியக் கலவை. யுத்தத்துக்குப் பின் பிரித்தானியாவில் இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்ததால் அப்படிச் செய்தார்கள். அலுமினியத் தகட்டில் இரும்பு ஸ்குரூவை முறுக்கி, நம் பனியிலும் மழையிலும் விட்டால் இரண்டு உலோகமும் ஈரத்தில் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும். சில பருவங்களில் ஸ்குரூவைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்து, துளை பெரிதாகி, பெண்டர் ஆடும். அதற்கு பிளாஸ்டிக் ரிவிட் போட வேண்டும். மற்ற ஜீப்புகள் இரும்புத் தகடு. அவற்றில் துளைத்த இடத்தின் பிசிறை அராவி, துரு தடுக்கும் பிரைமர் பூசி, பெண்டருக்கும் தகட்டுக்கும் இடையில் இறப்பர் பீடிங் வைத்து, அடியில் தண்ணீர் வடிய ஒரு வழி விட வேண்டும். இது ஒரு மணித்தியால வேலைதான். ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்துக்குக் கூலி கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று பாஸ்மார் தவிர்த்துவிடுகிறார்கள். கடையில் பெண்டர் விற்கும்போதே ரிவிட், பீடிங், பிரைமர் மூன்றையும் ஒரு பையில் போட்டுச் சேர்த்து விலை சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. நான் அப்படித்தான் செய்கிறேன்.

இதைவிட மோசமான ஒரு பழக்கமும் இருக்கிறது. மட்கார்டின் விளிம்பு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டால், தகட்டை வெட்டி மாற்றாமல், பட்டி பூசி அதன்மேல் பெண்டரை ஒட்டி விற்றுவிடுவது. குறையை மறைத்து விற்பதை மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்பதை இந்தப் பத்திரிகையின் வேறு பக்கங்களில் படித்திருப்பீர்கள். நான் கடைக் கணக்கை மட்டும் சொல்கிறேன். ஹட்டன் சிறிய ஊர். மூடிய துரு வெளியே தெரியும் நாளில் ஜீப் அதே வீதியில்தான் நிற்கும், விற்றவரும் அதே வீதியில்தான் இருப்பார். பழைய ஜீப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெண்டருக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். விற்பவர் வேண்டாம் என்று தடுத்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள்.

சட்டத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா வேலைத்திட்டத்தின்போது பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டிய சாமான்களைக் கழற்றச் சொன்னார்கள். பஸ் உரிமையாளர்கள் எதிர்த்ததும் ஞாபகமிருக்கும். வண்டியின் அகலத்தை மாற்றும் எந்த வேலைக்கும் முன்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவித்து, படமும் கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாப் பயணிகளை ஏற்றுபவர்கள் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது. ஜப்பானில்கூட 660 ஜிம்னிக்கு அகலப் பெண்டர் போட்டு 1.48 மீற்றரைத் தாண்டினால் அது சிறிய வாகனக் கணக்கிலிருந்து போய்விடும், பதிவையே மாற்ற வேண்டும்.

வியாபாரிகளாக நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு பக்கம் சரக்கின் தரம். பெண்டரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். நல்ல சாமானில் பிபி என்றோ ஏபிஎஸ் என்றோ ஆங்கில எழுத்து வார்ப்பிலேயே இருக்கும். பிபி வளையும், கல் பட்டால் உடையாது. ஆனால் அதில் பெயின்ட்டும் பசையும் இலேசில் ஒட்டாது, தனிப் பிரைமர் வேண்டும். ஏபிஎஸ் பெயின்ட் பிடிக்கும், உடைந்தால் ஒட்டலாம், ஆனால் வளைத்தால் வெடிக்கும். வேறு மொடலுக்கு இழுத்து வளைத்துப் பொருத்தப் போகிறவருக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது. எழுத்தே இல்லாத, எல்லா ஜீப்புக்கும் வரும் என்று அட்டையில் அச்சடித்த சரக்கை நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன். ஒரு மொத்த வியாபாரி இதற்காக என்னோடு கோபித்துக்கொண்டிருக்கிறார்.

உண்மையில் இவற்றில் பலவற்றை நாம் இறக்குமதி செய்ய வேண்டிய அவசியமே இல்லை. கரையோரத்தில் பைபர் வள்ளம் செய்பவர்கள் இருக்கிறார்கள். வள்ளத்தின் வளைவை வார்ப்பவருக்குப் பெண்டர் வளைவு பெரிய காரியமல்ல. ஒரு மொடலின் பெண்டரை அச்சாக வைத்து, நம் ஜீப்பின் மட்கார்டுக்கு ஏற்ப விளிம்பைத் திருத்தி, இன்னொரு அச்சு எடுத்தால், வெட்டவும் வளைக்கவும் தேவையில்லாத சாமான் கிடைக்கும். பைபர் கல்லுக்கு வெடிக்கும் என்பது உண்மை. ஆனால் வெடித்ததை உள்ளூரிலேயே ஒட்டலாம். இறப்பர் பட்டி என்றால் இன்னும் இலகு. உலகத்துக்கே திட டயர் ஏற்றுமதி செய்கிற நாடு நம்முடையது. கேகாலையிலும் களுத்துறையிலும் இறப்பர் விளைகிறது, ஹட்டனில் வெளிநாட்டு இறப்பர் பட்டி விற்கிறோம். மலையகத்தில் மூன்று நான்கு உதிரிப்பாகக் கடைகள் சேர்ந்து அச்சுச் செலவைப் பகிர்ந்துகொண்டால், லேண்ட்ரோவருக்கும் 4டிஆர்5க்கும் ஜிம்னிக்கும் முதல் தொகுதியைச் செய்து பார்க்கலாம். வேறு கம்பனியின் பெயரையும் சின்னத்தையும் அதில் அச்சடிக்காமல் இருந்தால் போதும். தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன். அவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள்.

அதுவரைக்கும் என் கடையில் பெண்டர் விற்கும் பில்லில் மூன்று விடயங்களை எழுதிக் கொடுக்கிறேன்: எந்த மொடலிலிருந்து கழற்றியது, எந்த மொடலுக்கு வாங்குகிறார், நூல் பிடித்துப் பார்த்த அகலம் எவ்வளவு. துளை போடாத வரை பதினான்கு நாட்களுக்குள் திருப்பித் தரலாம். வருகிறவர்கள் முடிந்தால் ஜீப்பையே கொண்டு வரட்டும். கழுவிக்கொண்டு வர வேண்டாம். கதவில் சேறு எவ்வளவு உயரத்துக்குத் தெறித்திருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் அகலம் சொல்ல வேண்டும்.